படம் திருத்த வாடகை எதற்கு?

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை.

விளாத்திகுளம் தாலுகாவில் உள்ள புதூரில், ஊர் எல்லையைத் தாண்டினால் கரிசல் காடு. மை கொட்டியது போல் கறுத்த மண். அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளப் பயிர். தூரத்தில் ஒற்றைப் பனை. பனைக்குப் பின்னால் இன்னும் கலையாத மேகம்.

அந்தக் காட்சியைப் பார்க்கிற வாலிபனுக்குக் கை சும்மா இருக்குமா? கல்யாண வீடுகளுக்குக் கொண்டு போகும் காமிராவைத் தோளில் இருந்து இறக்குகிறான். ஒரு படம் எடுக்கிறான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் ஏமாற்றம்! மண் கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மேகத்தைக் காணவே காணோம். வானம் வெளுத்த வேட்டி போல் இருக்கிறது.

காமிரா கெட்டுவிட்டதா? இல்லை.

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. கரிசல் மண் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. எதிரில் இருப்பது எல்லாம் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே உள்ள சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் அது பெரும்பாலும் கணக்குப் போடும். நெல் வயலின் பச்சைக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆகவே தஞ்சாவூரில் படம் எடுப்பவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கரிசலில்தான் கணக்குத் தப்பும். படம் முழுவதும் கறுத்த மண் நிறைந்திருந்தால், இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக் காமிரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் வெளுக்கும். வானமோ அடியோடு வெளுக்கும்.

எனவே கரிசல் காட்டைப் படம் எடுக்கிறவனுக்கு, எடுத்த படத்தைத் திருத்துவது வீண் ஆடம்பரம் அல்ல. கண் கண்டதைப் படத்தில் கொண்டு வருவதற்கே அது தேவைப்படுகிறது.

திருத்துவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். எந்த மென்பொருள்? இங்கேதான் பலர் வழி தவறிப் போகிறார்கள்.

திருட்டுப் பிரதி

"அண்ணாச்சி, இதிலே போட்டோஷாப் ஏத்திக் குடுங்க."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. கொஞ்சம் பணம் கொடுத்தால் பூட்டை உடைத்த பிரதி ஒன்று ஏறிவிடும். யார் உடைத்தது, உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு ஒரு நாள், ஊரார் கல்யாணப் படங்கள் எல்லாம் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. "பணம் அனுப்பினால் திறக்கிறோம்" என்று திரையில் ஓர் அறிவிப்பு! தாலி கட்டிய படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 63பி பிரிவு கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு என்றே உள்ளது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே அதை உபயோகித்தால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிழைப்புக்காக அல்லாமல் உபயோகித்தவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். ஆனால் ஸ்டூடியோ வைத்திருப்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா?

விலை கொடுத்து வாங்கிவிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல்.

போட்டோஷாப்பை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள். அடோபி கம்பெனி அதை 1990இல் வெளியிட்டது. ஒரு தடவை விலை கொடுத்தால் அந்தப் பதிப்பு வாங்கியவருக்கே சொந்தம் என்ற முறை பல ஆண்டுகள் இருந்தது. 2013இல் கம்பெனி அதை மாற்றியது. இனிப் புதிய பதிப்பு வேண்டும் என்றால் சந்தாதான் என்று அறிவித்தது. இயற்கைக் காட்சிப் படக்காரர்கள் விரும்பும் லைட்ரூம் என்ற மென்பொருள் 2007இல் வந்தது. அதைச் சொந்தமாக விற்பதும் 2017 அறிவிப்போடு முடிந்தது.

சந்தா என்றால் வாடகை. வாடகை நின்றால் படத்தைத் திருத்தும் வேலையும் நின்றுவிடும். கல்யாணம் நடக்கிற மாதத்தில் வாடகை கட்டலாம். ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது? வாடகை வாங்குவது கம்பெனியின் உரிமை. அதைக் குற்றம் சொல்ல இடம் இல்லை. ஆனால் மழையை நம்பி வாழும் ஊரில், மாதம் தவறாத செலவு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்க வேண்டாமா?

குதிரில் கிடந்த விதை

புதூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

உளுந்து விதைக்கிறவர், விளைச்சலில் நல்ல மணியாகப் பொறுக்கி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் ஒரு மரக்கால் கொடுக்கலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் அப்படி அல்ல. விளைந்ததையே திரும்ப விதைத்தால் பழைய விளைச்சல் வராது. ஆண்டு தோறும் விதைப் பையைக் காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டும்.

மென்பொருளிலும் இந்த இரண்டு சாதியும் உண்டு. உளுந்து போன்றதற்குப் பெயர் கட்டற்ற மென்பொருள். அதை யாரும் உபயோகிக்கலாம். பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். விஷயம் தெரிந்தவர் உள்ளே பிரித்துப் பார்த்து மாற்றியும் அமைக்கலாம். இவை எல்லாம் சட்டப்படி கொடுக்கப்பட்ட உரிமைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காசு கேட்காதது எல்லாம் கட்டற்றது ஆகிவிடாது. பிக்காசாவை நினைவு இருக்கிறதா? ஒரு காலத்தில் ஸ்டூடியோவிலும் வீட்டிலும் அதுதான். காசு கிடையாது. 2004இல் கூகுள் கம்பெனி அதை வாங்கியது, 2016இல் நிறுத்திவிட்டது. பழகியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். செல்போனில் இன்று பலர் உபயோகிக்கும் ஸ்னாப்சீடும் அதே கூகுளுக்குச் சொந்தமானதுதான். நல்ல மென்பொருள்தான். அவசரத்துக்கு உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பித் தொழில் கற்றுக்கொள்வது, இரவல் மாட்டை நம்பிப் புஞ்சை வாங்குவது போன்றது.

கட்டற்ற மென்பொருளில் இயற்கைக் காட்சிப் படங்களுக்கு மூன்று பேர் சொல்லலாம்.

மூத்தது ஜிம்ப். 1995இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இப்போது முப்பது வயது ஆகிவிட்டது. 2025இல் மூன்றாம் பதிப்பு வந்தது. செங்கோட்டைக்கு அப்பால் கேரளத்தில், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்திலேயே ஜிம்ப் இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கற்கும் வித்தை, இங்கே ஒரு ஸ்டூடியோக்காரருக்கு வராமல் போய்விடுமா?

இரண்டாவது ரா தெரபி. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹார்வத் உருவாக்கியது. 2010 முதல் அது கட்டற்ற மென்பொருள்.

மூன்றாவது டார்க்டேபிள். 2009இல் யோகன்னஸ் ஹானிகா என்பவர் தொடங்கினார். கரிசல் காட்டுப் படத்துக்கு இதுவே பொருத்தமானது. ஏன் என்று பார்க்கலாம்.

சோறும் அரிசியும்

காமிரா படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கும். ஒன்று ஜேபெக். அது வடித்த சோறு. காமிராவே உப்புப் போட்டு இறக்கிவிடுகிறது. உப்புக் கூடிவிட்டால் எடுக்க முடியாது. மற்றொன்று ரா. ரா என்றால் பச்சை என்று பொருள். அது அரிசி. எப்படி வேண்டுமானாலும் சமைக்கலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்சத்தின் படிகள் 256தான். நல்ல காமிராவின் ரா படத்தில் 16,384 படிகள் வரை இருக்கும். கறுத்த மண்ணும் வெளுத்த வானமும் ஒரே படத்தில் வரும்போது இந்தப் படிகள் மிகவும் உதவும். பல செல்போன்களில் கூட இப்போது ரா படம் எடுக்கும் வசதி வந்திருக்கிறது.

ஜிம்ப் தனியாக ரா படத்தைத் திறக்காது. டார்க்டேபிளையோ ரா தெரபியையோ கூப்பிட்டுத்தான் திறக்கும். டார்க்டேபிள் ரா படத்துக்கு என்றே பிறந்தது. இன்னொரு சிறப்பும் உண்டு. மூலப் படத்தை அது தொடுவதே இல்லை. செய்த திருத்தங்களை எல்லாம் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் காமிரா கண்ட படம் அப்படியே இருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். டார்க்டேபிளுக்கு ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் தேவை. 4 ஜி.பி. நினைவகமாவது வேண்டும், 8 இருந்தால் தாராளம். 2011இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. அதில் டார்க்டேபிள் திணறும். அந்த வீட்டுக்கு ஜிம்ப் போதும்.

முதல் நாள் டார்க்டேபிளைத் திறந்தவர் திகைத்துப் போவார் என்பதும் உண்மை. எத்தனை பொத்தான்கள்! "இது எங்களுக்கு ஆகாது" என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். அவசரப்பட்டு மூட வேண்டாம். உதவிக்கு ஓர் ஆள் வீட்டிலேயே இருக்கலாம்.

அப்பா அறிந்த வித்தை

டார்க்டேபிள் என்ற பெயரைப் பாருங்கள். பழைய ஸ்டூடியோவின் டார்க்ரூமையும், பிலிமை வைத்துப் பார்க்கும் லைட் டேபிளையும் சேர்த்து வைத்த பெயர். உள்ளேயும் அப்படியே இரண்டு அறைகள்.

பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்திய அப்பாக்களும் பெரியப்பாக்களும் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பு விளக்கில், ஹைப்போ வாடையில் நின்றவர்கள். முகம் கறுத்துப் போகாமல் இருக்க, விழும் ஒளியைக் கையாலேயே சற்று நேரம் மறைப்பார்கள். வானம் மிகவும் வெளுத்திருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி காட்டுவார்கள். கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கோடு விழுந்துவிடும். கம்ப்யூட்டரில் மாஸ்க் என்று சொல்கிறார்களே, அது வேறு ஒன்றும் அல்ல. அப்பாவின் அந்தக் கைதான்! ஓரம் தெரியாமல் மங்கலாக முடிய வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் இயற்கைக் காட்சிப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். 1902இல் பிறந்து 1984இல் மறைந்தார். பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து, கரும் இருட்டில் இருந்து வெள்ளை வெளேர் வரை வெளிச்சத்தைப் பதினொரு படிகளாகப் பிரித்து ஒரு முறை வகுத்தார். 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலா எழுவதைப் படம் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவ்வைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பத்தில் போட்டவற்றில் வானம் சற்று வெளுப்பு. பிற்காலத்தில் போட்டவற்றில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அவர் கண் தேர்ந்துகொண்டே போனது.

டார்க்டேபிளில் டோன் ஈக்குவலைசர் என்ற கருவி இருக்கிறது. பாட்டுப் பெட்டியில் கனத்த ஓசையைத் தனியாகவும் மெல்லிய ஓசையைத் தனியாகவும் கூட்டிக் குறைப்பது போல, இது இருட்டைத் தனியாகவும் வெளிச்சத்தைத் தனியாகவும் கூட்டிக் குறைக்கும். மண்ணைக் கறுப்பாகவே விட்டுவிட்டுப் பயிரை மட்டும் சற்றுத் தூக்கலாம். மேகத்தைத் தொடாமல் விடலாம்.

ஒரு மாதம், ஒரே காடு

கற்பதற்கு ஆயிரம் வீடியோ பார்க்க வேண்டியது இல்லை. அந்த வீடியோக்களில் வருவது எல்லாம் பனி மலையும் பச்சைப் புல்வெளியும்தான். கரிசலுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

ஒரே இடம் போதும். ஊருக்கு வெளியே, ஒரே வரப்பில், ஒரே மூலையில் நின்று படம் எடுக்க வேண்டும். எடுக்கும்போதே காமிராவில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். அடியோடு வெளுத்துப் போன மேகத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டு வர முடியாது. ஒரு படி குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மண் கறுப்பாக விழும், மேகம் தப்பும்.

முதல் வாரம் மூன்று காரியம் மட்டும். சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துவது. மொத்த வெளிச்சத்தைச் சரி செய்வது. நிறத்தைச் சரி செய்வது. மூன்றாவதில்தான் கரிசல்காரர்கள் ஏமாறுவார்கள். நிழல் விழுந்த கரிசல் படத்தில் நீலமாக இறங்கும். அந்த நீலம் பார்க்க அழகாகக் கூட இருக்கும்! ஆனால் கரிசல் நீலம் அல்ல. நனைந்த கரிசல் கறுப்பு. காய்ந்தால் சாம்பல் கலந்த கறுப்பு. மென்பொருளில் நிறத்தைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தினால் மண் மண்ணாக வரும். இதைப் பழகிய பிறகு டோன் ஈக்குவலைசர். அதற்கும் பிறகுதான் மாஸ்க்.

ஐப்பசியில் எடுத்த இடத்திலேயே தையில் கதிர் முற்றி நிற்கும்போது எடுக்க வேண்டும். சித்திரையில் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்போது மறுபடியும் எடுக்க வேண்டும். ஓர் ஆண்டில் கிடைக்கும் படிப்பு வேறு எங்கேயும் கிடைக்காது.

தமிழில் படிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லவும் முடியாது. கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது.

கல்யாண ஆல்பம்?

நியாயமான கேள்வி. ஆல்பம் அச்சிடும் இடங்களில் இருந்து பக்க வடிவங்கள் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பாக வருகின்றன. ஜிம்ப் அவற்றைத் திறக்கும். ஆனால் சில அலங்காரங்கள் உள்ளபடி வராது. சிவகாசிக்குப் போகும் நாலு வர்ண அச்சு வேலையிலும் ஜிம்ப் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. அந்த வேலையிலேயே தினம் சம்பாதிக்கிறவர் வாடகை கட்டி நேர்மையாக உபயோகிக்கட்டும். வருமானம் தரும் பொருளுக்கு வாடகை கொடுப்பதில் தவறு இல்லை. வருமானம் தராத ஆசைக்கும், படிக்கிற பிள்ளையின் பழக்கத்துக்கும் வாடகை எதற்கு என்பதுதான் கேள்வி.

பொய்யான வானம்

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் விட முடியாது.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவை அறியாத பழைய தலைமுறை இல்லை. 1898இல் பிறந்தவர், 1976இல் மறைந்தார். நாடகத் திரை வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. சாமிக்குப் பின்னால் தாமரைக் குளமும் பச்சை மலையும் இருந்தால், அது எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அது ஓவியம்.

போட்டோ அப்படி அல்ல. போட்டோவைப் பார்க்கிறவர் நடந்ததாக நம்புகிறார். 2020இல் போட்டோஷாப்பில் ஒரு வசதி வந்தது. பொத்தானை அழுத்தினால் வானம் மாறிவிடும். மேகம் இல்லாத நாளில் கார்மேகம் திரளும்! இன்று செல்போனிலேயே அது முடிகிறது. மழை பெய்யாத ஊரின் படத்தில் மழை மேகத்தை ஒட்டுவது விளையாட்டாகத் தோன்றலாம். காய்ந்து கருகிய பயிரைப் பச்சையாக்கிப் பலருக்கும் அனுப்புவதும் அப்படியே. வெளியூரில் இருக்கும் மகன் அதைப் பார்த்து, ஊரில் விளைச்சல் அமோகம் என்று நினைத்துக்கொள்வான்.

பயிர்க் காப்பீட்டில், ஓரிடத்தில் மட்டும் வெள்ளம் புகுந்து பயிர் சேதம் ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. செல்போன் செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம். அந்தப் படத்தில் ஒரு பொத்தானைக் கூட அழுத்தக் கூடாது. எடுத்தபடியே போக வேண்டும். அழகுக்காகத் திருத்திய படம் ஒன்று அதில் கலந்துவிட்டால், உண்மையான சேதத்தையும் அதிகாரி சந்தேகப்படுவார். நஷ்டம் யாருக்கு? மூலப் படத்தைத் தொடாத மென்பொருளை இந்த வட்டாரத்தில் விரும்ப இது ஒன்றே போதுமான காரணம்.

திருத்தம் எதுவரை போகலாம்? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. திருத்திய படத்தைப் பிரிண்ட் போட்டு, எடுத்த இடத்துக்கே காலையில் கொண்டு போக வேண்டும். அங்கே களை எடுக்கும் பெரியவரிடம் காட்ட வேண்டும். அவருக்கு ரா தெரியாது, ஜேபெக் தெரியாது. ஆனால் அறுபது ஆண்டு அந்த மண்ணைப் பார்த்தவர்.

"ஏன் தம்பி, நம்ம காட்டு மண்ணு என்னைக்கு இப்படி நீலமா இருந்துச்சு?" என்று அவர் கேட்டுவிட்டால், வீட்டுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரை மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.